மணலில் ஓடட்டும் ஜீப், எங்கள் புல்வெளியில் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னப் பிள்ளைகளோடு பாலைவனத்தில் ஜீப் ஓட்டிப் போய் டென்ட் போட்டுத் தங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் அதன் கடைசியில், வெளிநாடு போக முடியாதவர்கள் இதே அனுபவத்தை நீலகிரிப் புல்வெளிகளிலேயே பெறலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததும் எனக்கு மனசு பதறிவிட்டது. நான் கோத்தகிரிக்காரி. அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்ப்பதால், அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓமானின் ஷர்கியா மணல்வெளியில் தங்கியிருக்கிறோம். இரண்டு மண்ணையும் மிதித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ஷர்கியா மணல்வெளி சுமார் 12,500 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி மாவட்டம் கிட்டத்தட்ட ஐந்து அடங்கும். மஸ்கட்டில் இருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தார் ரோட்டில் போனால் பிதியா என்ற ஊர் வரும், அங்கேயே மணல் தொடங்கிவிடும். மணலில் இறங்கும் முன் அண்ணன் வண்டியை நிறுத்தி நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கினார். என் பெரியவனும் அண்ணன் மகளும் ஆளுக்கொரு சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அந்த 'உஸ்ஸ்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அளவுமானியில் முள் இறங்குவதைப் பார்த்தார்கள். ரோட்டில் 35 பி.எஸ்.ஐ. (psi) இருக்கிற காற்று மணலுக்கு 15, 18 என்று குறைந்தால்தான் டயர் அகலமாகப் படிந்து புதையாமல் ஓடும். திரும்பித் தார் ரோட்டில் ஏறும்போது மறுபடி காற்று நிரப்பியே ஆக வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் டயர் சூடாகி வெடித்துவிடும். அப்படியும் ஒரு மேட்டில் வண்டி புதைந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் கீழே இறங்கும் என்பதால் அண்ணன் உடனே நிறுத்திவிட்டார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் குவிந்திருந்த மணலை மண்வெட்டியால் வாரி அகற்றிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தோம். கூட இன்னொரு வண்டி வந்ததால் யாரும் பயப்படவில்லை. ஒற்றை வண்டியில், அதுவும் குழந்தைகளோடு, மணலுக்குள் போகவே கூடாது. உங்கள் கட்டுரையில் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் கட்டுரை சொல்லாத சிலது இருக்கிறது. விளையாட்டு மும்முரத்தில் அவர்கள் தாகம் என்று வாயைத் திறக்க மாட்டார்கள், நாம்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்கு வைத்து, அதற்கு மேலும் ஒரு கேன் ஏற்றிக்கொண்டோம். மணல்மேடு எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஒரு மேட்டைத் தாண்டிவிட்டால் டென்ட் எந்தப் பக்கம் என்று பெரியவர்களுக்கே தெரியாது, அதனால் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கியது. காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் யாரும் போடக் கூடாது, தேள் இருக்கும். அப்புறம் குளிர். டிசம்பரில் பகல் வெயில் இதமாகத்தான் இருந்தது, பொழுது சாய்ந்ததும் ஈரமில்லாத காற்றில் சூடு முழுக்கப் பறந்துவிட, ஊரில் இருந்து கொண்டுபோன ஸ்வெட்டரும் குல்லாவும்தான் கைகொடுத்தன.

அங்கே நான் முக்கியமாகப் பார்த்தது வேறு. முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் ஓட்டிய டயர் தடம் காலையில் பாதிக்கு மேல் அழிந்திருந்தது. காற்று அடித்து மணலை நிரவிவிட்டது. அந்தச் சுத்தமான மணலில் டென்ட்டைச் சுற்றி வண்டு ஊர்ந்த கோடும் ஏதோ நரி நடந்த தடமும் இருக்க, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அலைந்தார்கள். சரி, பாலைவனம் எல்லாமே இப்படி என்றும் சொல்ல முடியாது. சரளைக்கல் பரவிய தரையில் சக்கரம் ஏறினால் தடம் பல பத்தாண்டுகள் நிற்கும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 1942-ல் ராணுவப் பயிற்சிக்கு ஓட்டிய டாங்கிகளின் தடம் இன்னும் தெரிகிறது. அதனால்தான் அண்ணன் சரளைத் தரையில் பழைய தடத்தை விட்டு ஒரு அடி விலகவில்லை.

காய்ந்த தரையிலேயே இப்படி என்றால் எங்கள் புல்வெளி எந்த மூலைக்கு? சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளியின் மண் கறுப்பாக, மெத்தென்று இருக்கும். பெய்கிற மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அந்த மண்தான். அதில் ஜீப் ஏறினால் மண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. அடுத்த மழையில் அந்தத் தடத்திலேயே ஓடி வாய்க்கால் போல அரித்துவிடும். புல் பிய்ந்து மண் கிளறிய இடத்தில் ஸ்காட்ச் புரூம் மாதிரி வெளிநாட்டுச் செடிகள் முளைத்துக்கொள்ளும், அப்புறம் புல் வராது. இங்கே மணலை நிரவுகிற காற்றும் கிடையாது. இந்த மலையில் இறங்குகிற தண்ணீர்தான் பவானியில் சேர்ந்து பில்லூர் அணை வழியாகக் கோவைக்குக் குடிக்கப் போகிறது, ஆக இது மலைக்காரர்கள் கவலை மட்டும் இல்லை.

ஆபத்தும் உண்டு. 2021 ஜனவரியில், கூடலூரைத் தாண்டினால் வரும் வயநாட்டில், மேப்பாடி அருகே டென்ட் போட்டுத் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. சுற்றுலாப் பயணிகள் குழந்தைகளோடு காட்டோரத்தில் டென்ட் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வரும். 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2024 மே மாதத்தில் இருந்து மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறதே என்பார்கள். அது மலைக்கு எத்தனை வண்டி வருகிறது என்று கணக்குப் பார்க்கும், வந்த வண்டி ரோட்டை விட்டு எங்கே இறங்குகிறது என்று பார்க்காது.

வெளிநாடு போக வசதி இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் சாம், கூரி மணல்மேடுகளுக்குக் குளிர்காலத்தில் போகலாம், திறந்த ஜீப்பில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போகும் சவாரியில் மட்டும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மணல் பார்க்க வேண்டும் என்றால் நம் திருச்செந்தூர்ப் பக்கத்துச் தேரிகளை, அதாவது செம்மணல் மேடுகளை, அங்குள்ள விதிப்படி நடந்து பார்க்கலாம், வண்டி வேண்டாம். நீலகிரிக்கே வருவதென்றால் நடக்க வாருங்கள். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது, பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். எங்கள் ஊர் லாங்வுட் சோலையும் அதில் உண்டு. சுமார் 116 ஹெக்டேர்தான், ஆனால் 2024-ல், முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்த காடு. எந்த வழியில் எந்த வயதுப் பிள்ளைகளை அனுமதிப்பார்கள் என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இதழைப் பார்த்துப் பயணம் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த கோடை சீசன் தொடங்குவதற்குள், அந்த ஒரு வரிக்குத் திருத்தமும் காட்டில் எங்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விவரமும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி