தரைச் சதுரடியை வைத்து ஓடு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓட்டுக் கூரை போடுகிறவர்களில் பலர் வீட்டின் தரைச் சதுரடியைச் சொல்லியே மங்களூர் ஓடு வாங்குகிறார்கள். கடையிலும் 100 சதுரடிக்கு 140 ஓடு என்று பெருக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை பாதியில் நிற்கும். அவசரத்துக்கு வேறு கம்பெனி ஓடு வாங்கினால் ஓட்டின் ஓரப் பள்ளமான காடி மற்றதன் காடியோடு கவ்வாது. அந்த இடத்தில்தான் ஒழுகும்.

20 அடி அகலம், 30 அடி நீள வீட்டுக்கு இருபக்கச் சரிவுக் கூரை என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 10 அடி, சுவருக்கு வெளியே நீளும் இறவாணம் 2 அடி, ஆக 12 அடி. 30 டிகிரி சரிவுக்கு இதை 1.155 ஆல் பெருக்கினால் 13 அடி 10 அங்குலம். இரு முனையிலும் ஓரடி வெளியே விட்டால் நீளம் 32 அடி. இரண்டு சரிவும் சேர்த்து 887 சதுரடி வருகிறது. தரை 600தான்!

இதோடும் நிற்கக் கூடாது, வரிசை எண்ண வேண்டும். வாங்கப்போகும் ஓட்டில் பத்தைத் தரையில் கோத்து, முழுக்க இழுத்து ஒருமுறையும் நெருக்கி ஒருமுறையும் அளந்து சராசரி எடுங்கள், மேல்கீழாகவும் பக்கவாட்டிலும். மேல்கீழ் அளவுதான் ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளி. அது கூடினால் சாரல் உள்ளே ஏறும். குறைந்தால் மேல் ஓடு உட்காராமல் தூக்கி நிற்கும். ஓர் ஓட்டுக்கு மேல்கீழாக 12½ அங்குலமும் பக்கவாட்டில் 8¼ அங்குலமும் கிடைத்தால், மேலே சொன்ன சரிவுக்கு 13 வரிசை போக மூன்றரை அங்குலம் மிஞ்சும். அதற்காக ஒரு வரிசையை வெட்டிப் போடுவதைவிட, ரீப்பரைத் தாங்கும் சரிவுச் சட்டமான கைமரத்தை அறுக்கும்போதே இறவாணத்தை 3 அங்குலம் குறைப்பது மேல். 32 அடி நீளத்துக்கு வரிசைக்கு 47 வீதம் இருபுறமும் 1,222 ஓடு. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 1,285 வாங்கலாம். தரைக் கணக்கில் 840தான் வந்திருக்கும்.

கூரை உச்சியில் கவிழ்க்கும் முகட்டு ஓடு மீட்டருக்கு 3 வீதம் 30, கூடுதலாக இரண்டு. ரீப்பர் ஒரு சரிவுக்கு 14 வரி, மொத்தம் 896 அடி. ஒட்டுக்கும் கழிவுக்கும் தனியாகச் சேருங்கள். இறவாண ஓரத்துக் கடைசி ரீப்பர் ஓர் ஓட்டுக் கனம் உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வரிசை மூக்கு கவிழ்ந்து நிற்கும்.

நான்கு பக்கமும் சரியும் கூரையில் மூலைதோறும் ஓடு வெட்ட வேண்டியிருப்பதால் கழிவுக்கு 10 சதவீதம் வேண்டும். மூலை முகடுகளின் நீளத்துக்கும் முகட்டு ஓடு வாங்க வேண்டும்.

மிஞ்சும் ஓட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஓர் இருபதையாவது நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். நாளை தேங்காய் விழுந்து உடைந்தால் அதே அச்சு ஓடு கிடைப்பது அரிது.

ஓட்டுக் கூரைத் தச்சர்,
நாகர்கோவில்.