71 டம்ளர் கஞ்சி

கஞ்சி ஊற்றிய அய்யாவுக்கு வந்தனம்.

உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயரை நீங்களும் கேட்டதில்லை. 2018 ஆவணியும் புரட்டாசியும். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வெளிவாசலை ஒட்டிய வேப்பமரம், காலை ஆறரை மணி. வெள்ளை வேட்டி கட்டி, தலையில் வெள்ளைத் துண்டு சுற்றி, மொபெட்டில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வருவீர்கள். மூடியைத் திறந்ததும் சீரகமும் பூண்டும் மணக்கும். நோயாளிக்குத் துணையாக வந்து, வராந்தாவில் படுத்து எழுந்த நாங்களெல்லாம் டம்ளரோடு வரிசையில் நிற்போம். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" அந்த 43 நாளில் உங்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது இந்த ஒரு வார்த்தைதான்.

வரிசையின் கடைசியில் ஒருவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான் என் அப்பா. பஸ் கண்டக்டராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முகம் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தாத்தா ஒரு சாமியாரை நம்பி இரண்டு ஏக்கர் புன்செய் நிலத்தை எழுதிக் கொடுத்தார். சாமியார் போனார், நிலமும் போனது. அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் காவி கட்டியவர் யார் வந்தாலும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். "கும்பிடச் சொல்றவன் எல்லாம் கடைசியில கையை நீட்டுவான்" என்பார். நாங்களும் அதை நம்பித்தான் வளர்ந்தோம்.

அதனால்தான் உங்களை அவர் நம்பவில்லை. இன்றைக்கு நோட்டீஸ் கொடுப்பார், நாளைக்கு உண்டியலை நீட்டுவார் என்று காத்திருந்தார். சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் ஒவ்வொரு நாளும் எத்தனை டம்ளர் வாங்கினோம் என்று எழுதிக்கொண்டே வந்தார். கண்டக்டர் கணக்கு, ஒன்றுகூடத் தப்பாது. ஓசியில் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவர், கிளம்பும்போது மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போன கடைசி வாரத்தில் நான் உங்களிடம் வந்து, வடிகட்டிக் கொடுக்கப் பாத்திரம் இல்லை என்றேன். நீங்கள் உங்கள் சொந்தத் தூக்கில் மேலாகத் தெளிந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தீர்கள். பஞ்சு நனைத்த மாதிரி ஒவ்வொரு கரண்டியாக விட்டேன். நாலாவது கரண்டியில் அம்மா கண்ணைத் திறந்து, "உப்பு சரியா இருக்குடி" என்றாள். நாற்பது வருஷம் எங்களுக்குச் சமைத்துப் போட்டவள், அடுத்தவர் சமைத்ததைச் சொல்லிப் பாராட்டிய கடைசிப் பேச்சு அது. மறுநாள் விடியுமுன் போய்விட்டாள்.

இதைச் சொல்லிவிட வேண்டும். அம்மா பிழைத்துவந்ததால் நாங்கள் பக்தி கொண்டோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அம்மா பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த பத்தாம் நாள் அப்பா அந்த நோட்டை எடுத்தார். 71 டம்ளர். பணத்தோடு புதுச்சேரிக்குப் போனோம். வேப்பமரத்தடியில் நீங்கள் இல்லை, வேறு ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போயிருக்கிறீர்கள் என்றார். அப்பா பணத்தை நீட்டினார். அவர் கையைக் கட்டிக்கொண்டார். "பணம் வாங்கறதில்லீங்கய்யா. மனசு கேக்கலைன்னா வடலூர்ல பசிச்சவங்களுக்குச் சோறு போட வள்ளலார் ஆரம்பிச்ச தருமசாலைக்கு அரிசியாக் கொடுத்துடுங்க" என்றார். பெயர் தெரியாத அந்த அய்யாவுக்கும் எங்கள் நன்றி. அன்றைக்கு அந்தப் பணத்தை அவர் வாங்கியிருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வடலூர் அப்பாவுக்குப் புதிதா என்ன? ஜெயங்கொண்டத்திலிருந்து சென்னைக்குப் போகிற வண்டியில் எத்தனையோ வருஷம் ஓடியவர். மீன்சுருட்டி, சேத்தியாத்தோப்பு தாண்டினால் வடலூர். "வடலூர்லாம் எறங்கு!" என்று குரல் கொடுத்து, விசில் ஊதி, பூசக் கூட்டத்தை இறக்கிவிட்டிருக்கிறார். ஒரு நாள்கூட அவர் இறங்கியதில்லை. 25 கிலோ அரிசிச் சிப்பத்தோடு முதல்முறையாக அங்கே இறங்கினார்.

பஸ் நிலையத்தில் சிப்பத்தைப் பார்த்ததும் ஏற்றிக்கொண்டு, "தருமசாலைக்குத்தானே" என்று கேட்டுக் கூலி வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. அப்பா அவரோடு சண்டை போட்டதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம். அரிசியை இறக்கி வைத்ததும் கடன் தீர்ந்தது என்று திரும்பியவரைப் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். "பசிச்ச மொகமா இருக்கே, உக்காருப்பா." எழுபது வயதை நெருங்கும் அப்பாவை 'உக்காருப்பா' என்று சொல்ல அன்றைக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. அம்மா போன பிறகு வயிறு நிறைய அவர் சாப்பிட்டது அன்றைக்குத்தான். சோறு, சாம்பார், ரசம், மோர். கை கழுவிவிட்டு வந்து, "கணக்கு மறுபடி ஏறிப் போச்சே" என்றார். குரல் உடைந்திருந்தது.

பாட்டியம்மா அடுப்பைக் காட்டினார். 23-5-1867 அன்று வள்ளல் பெருமான் என்று அவர்கள் சொல்லும் இராமலிங்க வள்ளலார் மூட்டிய நெருப்பு. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்த நிலத்தில் எழுந்த தருமசாலை. சாதி கேட்காமல், ஊர் கேட்காமல், பசித்து வந்தவர் எல்லோருக்கும் சோறு என்று ஆரம்பித்தது, இன்றுவரை அணையவில்லை. அப்பா அடுப்பின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எங்கள் தாத்தாவும் நிலம் எழுதிக் கொடுத்தவர்தானே. அந்த நிலத்தில் ஒரு பிடி தானியம்கூட யார் வயிற்றுக்கும் போனதில்லை. இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். வாய் திறந்து சொல்லவில்லை.

அங்கிருந்து, பெருமான் ஜோதி வழிபாட்டுக்காக எழுப்பிய சத்திய ஞான சபைக்கு நடந்தோம். வாசலில் பலகை. கொலையும் புலாலும் தவிர்த்தவர் மட்டுமே உள்ளே வரலாம் என்று இருந்தது. நான் படித்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தேன். யார் கேட்கப்போகிறார்கள்? அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "முந்தாநேத்து மீன் கொழம்பு சாப்பிட்டோம்மா. பொய் சொல்லிட்டு உள்ள போகக் கூடாது." வெளியே வெயிலில் நின்றே கைகூப்பினார். நம்பாத மனிதர்தான், ஆனாலும் பலகைக்கு உண்மையாக இருந்தார். அப்போது எங்களிடம் வந்து பேசிய பெரியவரே, உங்களுக்கும் இந்த மடலில் பெரிய பங்கு உண்டு. "சோத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கெடையாதுங்க. புலால் சாப்பிடறவங்களுக்கும் பசி பசிதானே, அவங்களுக்கும் போடணும்னுதான் பெருமான் சொல்லியிருக்காரு. இது மட்டுந்தான் நாமளா மனசு வந்து வர்ற எடம்" என்றீர்கள்.

அப்பா விடவில்லை. பெருமான் தங்கியிருந்த கருங்குழியில் தண்ணீரில் விளக்கெரிந்தது என்கிறார்களே, அதை எப்படி நம்புவது என்று உங்களிடமே கேட்டார். நீங்கள் கோபப்படவில்லை. "நம்பித்தான் ஆகணும்னு யாரும் கேக்கலைங்க. பசிச்சவனுக்குச் சோறு போடறது சரியா தப்பா, அதை மட்டும் யோசிங்க" என்று சொல்லி, பைக்குள்ளிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து ஒரு கடிதத்தைக் காட்டினீர்கள். தன் பாடல்களை அச்சிடப் பாடுபட்ட இறுக்கம் இரத்தின முதலியாருக்குப் பெருமான் எழுதியது. தன்னை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது தனக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரத்துக்கு அடுத்த பெயராகத் தோன்றுகிறது என்று அதில் இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "சாமின்னு கூப்பிடாதேன்னு சொன்ன சாமியா?" என்றார். காவி உடுத்தாமல் வெள்ளையே உடுத்தியவர், கடைசிவரை 'சிதம்பரம் இராமலிங்கம்' என்றே கையெழுத்துப் போட்டவர் என்று நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசி பஸ் போய்விட்டது. அன்றிரவு தருமசாலையிலேயே படுத்தோம்.

பேச்சில்தான் முதலில் தெரிந்தது. வடலூருக்குப் போகும்போது 'அந்த ஆளு' என்றவர், திரும்பும்போது 'அவரு' என்றார். பொங்கலுக்குள் 'அய்யா' ஆனது. எப்போது 'பெருமான்' ஆனது என்று எங்களுக்கே தெரியாது.

2019-இல் அம்மாவின் வருஷத் திதி. அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைக்க வேண்டும் என்று அத்தை எல்லாம் வாங்கி வந்துவிட்டார். அப்பா, "வேண்டாம்க்கா, நான் விட்டுட்டேன்" என்றார். எங்களுக்கே அப்போதுதான் தெரியும். ஏழெட்டு மாதமாக அவர் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டதைப் பல்வலி என்று நினைத்திருந்தோம். "செத்தவளுக்குப் புடிச்சதைக்கூடப் போடமாட்டியா" என்று அத்தை அழுதார். அழுதுகொண்டே எழுந்து போய்க் கத்தரிக்காய் நறுக்கினார். அத்தை, அன்றைக்கு நீங்கள் வைத்த காரக்குழம்புக்கு நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். நானும் அன்றோடு விட்டேன். தம்பி இன்னும் சாப்பிடுகிறான். அப்பா அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் சபைக்குள் வரமாட்டான், அப்பாவைப் போலவே வெளியே நிற்பான். ஆனால் தருமசாலையில் பூசணிக்காய் வெட்ட முதல் ஆளாக உட்காருவான்.

8-2-2020, தைப்பூசம். 1872-இல் முதல் ஜோதி தரிசனம் நடந்ததிலிருந்து 149-ஆவது. இரவெல்லாம் திடலில் பெருமான் பாடிய அகவல் பாராயணம். விடியற்காலை ஆறு மணி தரிசனத்துக்கு அந்தப் பெருங்கூட்டத்தில் அப்பா முழங்கால் வலியோடு நின்றார். உயரம் போதாமல் எட்டி எட்டிப் பார்த்தவரைத் தன் இடத்துக்கு இழுத்து நிறுத்தி, கீழே விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்ட இளைஞரே, உங்கள் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று ஜோதியை மறைத்த ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலகின. "அருட்பெருஞ்ஜோதி! தனிப்பெருங்கருணை!" என்று கூட்டம் முழங்கியது. அப்பாவை இழுத்து நிறுத்தியதில் உங்களுக்குத் தரிசனம் கிடைத்ததா என்று அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்ப்பதற்குள் நீங்கள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள். ஜோதியைப் பார்த்த அப்பா எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. "உன் அம்மா சாப்பிட்ட உப்பு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் அப்பா கஞ்சி ஊற்றுகிறார். நோட்டில் கணக்கு எழுதுவதில்லை. யார் பெயரையும் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்கிறார், நீங்கள் கேட்ட அதே தொனியில்.

அய்யா, ஒரு விஷயம் பாக்கி. நீங்கள் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றித் தந்த எவர்சில்வர் தூக்கு அன்றைய அல்லாட்டத்தில் எங்கள் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மூடியில் ஒரு நெளிசல், அடியில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறது. எந்த எழுத்து என்று இங்கே போடவில்லை, உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை வேப்பமரத்தடிக்கு வந்து தேடினோம். புளி போட்டுத் தேய்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வருகிற தைப்பூசத்தன்று காலைப் பத்து மணி தரிசனம் முடிந்ததும் தருமசாலைப் பந்தி வாசலில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காக்கிச் சட்டைதான் போட்டிருப்பார், இன்னும் அதை விடவில்லை. அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் டம்ளரோடு நின்ற கண்டக்டரின் மகள்