சர்வீஸ் முடிந்த மறுநாள் எரிந்த விளக்கு

ஈசூன், சிங்கப்பூர்

மச்சான்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள் என்றதும் எனக்கு வந்ததைவிட அவர்களுக்குத்தான் சந்தோஷம் அதிகம். "பொம்பளப் புள்ள அவ்வளவு தூரம் தனியா ஓட்டுமா?" என்று ஒரு வாய். "ஓட்டட்டும், நமக்குத்தான் குடுத்து வைக்கல" என்று அடுத்த வாய். உன் முதுகுவலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். பெர்த்தில் டாக்டரே இல்லை என்று நினைப்பு.

மகளுக்குப் பழைய கார் பார்க்கிறாய், என்னவெல்லாம் கவனிக்கணும் என்று கேட்டிருந்தாய். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். கொஞ்ச நாளாக என் புத்தி பூராவும் டேஷ்போர்டில் எரிந்த ஒரு மஞ்சள் விளக்கின் மேல்தான் இருந்தது. நீளமாக எழுதப்போகிறேன், காப்பி போட்டுக்கொண்டு உட்கார்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு பிசியோவுக்கு அடிக்கடி கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. டாக்சிக்குக் காத்து நிற்பது அவர்களுக்கு ஆகவில்லை. அதனால்தான் கைமாறிய காராக ஒன்று வாங்கினேன். ஜப்பான்காரன் தயாரிப்பு, 1.6 லிட்டர், சிஓஇ என்ற கார் உரிமைச் சீட்டு இன்னும் நாலு வருஷத்துக்குக் கிட்டே பாக்கி. நீ இங்கிருந்து கிளம்பிப்போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இப்போதைய விலையைக் கேட்டால் சிரிப்பாய். 2023 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. பெரிய கார்களுக்கு 1,50,001 வெள்ளி. வெறும் உரிமைச் சீட்டுக்கு, பத்து வருஷத்துக்கு. இரும்பும் டயரும் தனிக் கணக்கு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே காரைப் பட்டறைக்குள் விட்டதும் முதல் கேள்வியே "சிஓஇ எவ்வளவு இருக்கு?" என்பதுதான். வண்டிக்கு என்ன கோளாறு என்பது அதற்கப்புறம். ஒரு வருஷம்தான் பாக்கி என்றால் "விடுங்க, ஓட்டி முடிச்சுடுங்க" என்பார்கள். ஏழு வருஷம் என்றால் "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்பார்கள். இரண்டு பதிலுக்கும் நடுவே, பானெட்டைத் திறந்து என்ன ஆயிற்று என்று பார்ப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

சர்வீஸுக்கு வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் விட்டேன். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், கூடவே எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது. சாயங்காலம் எடுக்கும்போது வண்டி நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் விரைவுச்சாலையில் ஏறும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. மினுக்கவில்லை, நிலையாக நின்று எரிந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் லேசாக ஏறி இறங்கியது, ஸ்டியரிங்கில் கை வைத்தால் அந்த நடுக்கம் தெரிந்தது. ஓடும்போது ஒன்றுமே தெரியவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். முதலாளி ஸ்கேனரைச் செருகினார். வந்த கோளாறுக் குறியீடு பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். "ஆக்சிஜன் சென்சர் போயிடுச்சு, மாத்தணும்" என்று சில நூறு வெள்ளிக்கு விலை சொன்னார். "நேத்து சர்வீஸ் பண்ணித்தானே எடுத்துட்டுப் போனேன்?" என்றேன். "இங்கேருந்து போறப்ப விளக்கு எரியலையே" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த மாதிரிக் கோளாறுகளை எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு தடவை பார்த்ததும் விளக்கைப் போடாது. குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு எரியும். அதனால் பட்டறையில் நடந்த தவறு பட்டறை வாசலில் தெரியாது, மறுநாள் நெடுஞ்சாலையில்தான் தெரியும். இதைத் தெரிந்து வைத்துக்கொள், உன் மகளிடமும் யாராவது ஒருநாள் இதே வசனத்தைச் சொல்வார்கள்.

சென்சரை மாற்ற ஒத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். காரணம் இதுதான். உள்ளே போகும் காற்றை ஏர் ஃப்ளோ சென்சர் அளக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. எரிந்து வெளியே வரும் புகையை ஆக்சிஜன் சென்சர் பார்த்து, மிச்ச ஆக்சிஜன் அதிகமாக இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டுகிறது, பிறகு இன்னும் கொஞ்சம். கூட்டிக் கூட்டி எல்லை தாண்டினால் பி0171. அப்படியென்றால் சென்சர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கவே வாய்ப்பு அதிகம். கணக்கில் வராத காற்று எங்கேயோ உள்ளே நுழைகிறது. போன ஒரு நாளில் அந்தப் பக்கம் கை வைத்தது யார்? சர்வீஸ் செய்தவர்கள். சந்தேகத்தை அங்கிருந்துதானே ஆரம்பிக்கணும்?

கார் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்க ஆன்லைனில் ஒரு புளூடூத் டாங்கிள் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், 16 முனை உள்ள சாக்கெட் இருக்கும். அதில் செருகிவிட்டால் கைப்பேசியில் எல்லாம் தெரியும். நம் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தேன். அம்மா மேலேயிருந்து போன் போட்டு, "என்னடா, கார்லயே குடியிருக்கப் போறியா?" என்று கேட்டார்கள்.

பார்க்க வேண்டியது ஃபியூல் டிரிம் என்ற எண். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும். குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று, இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, என் வண்டி 25க்கு மேல் காட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தேன், 6க்கு இறங்கிவிட்டது. இந்த ஒரு அசைவிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளே போகும் காற்று குறைவு, உறிஞ்சும் இழுப்பு அதிகம். சின்ன ஓட்டை இருந்தாலும் கணக்கு தலைகீழாகிவிடும். வேகமாக ஓடும்போது காற்று ஏராளமாகப் போவதால் அதே ஓட்டை பெரிதாகத் தெரியாது. மாறாக, வேகம் கூடக் கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் பம்ப்பையோ, ஃபில்டரையோ, ஏர் ஃப்ளோ சென்சரையோ சந்தேகப்பட வேண்டும். என்னுடையது முதல் ரகம். த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கேயோ காற்றுக் கசிவு.

கசிவை நானே தேடியிருக்கலாம். கார்ப் கிளீனரை அங்கங்கே அடித்துப் பார் என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். சூடான எஞ்சின் மேல், கார் நிறுத்துமிடத்தில், தீப்பிடிக்கிற திரவத்தை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. புக்கிட் பாத்தோக்கில் ஒரு மலாய்க்காரரின் பட்டறை இருக்கிறது, நம் பழைய சகா ஒருவன் சொன்னான். அவரிடம் ஸ்மோக் மெஷின் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று உள்ளே போகும் பாதையில் மெல்லிய அழுத்தத்தில் புகையை ஏற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் த்ராட்டில் பாடிக்குக் கீழே, கைப்பிடி அளவு இடுக்கிலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை எழும்பியது. டார்ச்சை அடித்துக் காட்டினார். சுண்டுவிரல் கனத்தில் ஒரு வேக்கம் ஹோஸ், எஞ்சின் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய். கிளிப்புக்கு அடியில் அதன் முனை, முற்றின வெண்டைக்காய் வெடிக்கிற மாதிரி நீளவாக்கில் பிளந்திருந்தது. பக்கத்திலேயே ரப்பரில் குறடு கடித்த தடம், வரிவரியாக.

த்ராட்டில் பாடியைக் கழற்ற அந்த ஹோஸை உருவியிருக்கிறார்கள். ஆறு வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்து விறைத்த ரப்பர். குறடால் திருகி இழுத்தால் பிளக்கத்தான் செய்யும். பிளந்ததோடு திரும்பச் செருகி கிளிப்பைப் போட்டுவிட்டார்கள், மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வேலை செய்த பையனை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கணும் என்று அவன் தலைமேல் நெருக்கடி. விளக்கோடு திரும்பி வந்த வண்டியின் பானெட்டைத் திறக்காமலே சென்சருக்கு விலை சொன்ன முதலாளியைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

புது ஹோஸ் பத்து வெள்ளிகூட இல்லை. கண்டுபிடித்ததற்கு அவர் வாங்கியது அதைப்போல பல மடங்கு. சந்தோஷமாகக் கொடுத்தேன். இங்கே நம் ஆட்களுக்குப் பொருளுக்குப் பணம் கொடுக்க வரும், பார்த்ததற்குக் கொடுக்க வராது. "சும்மா பாத்ததுக்கா இவ்வளவு?" என்பார்கள். அதனால்தான் பட்டறைகளும் பார்ப்பதை விட்டுவிட்டுப் பொருளை விற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

கோளாறுக் குறியீட்டை அழிக்கும் முன்னால் அதோடு பதிவாகியிருந்த விவரங்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். விளக்கு எரிந்த நேரத்தில் என்ன வேகம், என்ன சூடு, என்ன டிரிம் எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். இரண்டாவது பட்டறைக்குப் போகும் முன் முதல் பட்டறை அழித்துவிட்டால், இரண்டாமவர் இருட்டில்தான் தேட வேண்டும். ஒருவாரம் ஓட்டியபின் டிரிம் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே வந்து நின்றது. பிளந்த ஹோஸை முதல் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த சர்வீஸ்ல பாத்துப் போட்டுக்கலாம்" என்றார். அடுத்த சர்வீஸ் அங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கும்.

இனி உன் மகள் விஷயம். வண்டி பார்க்கப் போகும்போது சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்தச் சொல். செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள், வேறு வண்டி பார். டாங்கிளையும் எடுத்துப் போகச் சொல். கோளாறுக் குறியீடு ஒன்றுமில்லை என்று காட்டினால் மட்டும் நம்பிவிடக் கூடாது. ரெடினெஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று சொல்லும். தினமும் ஓட்டுகிறேன் என்று விற்பவர் சொல்ல, பாதிச் சோதனை முடியாமல் கிடந்தால், அண்மையில் யாரோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்லட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்ப்பது முக்கியம். நீங்கள் வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம்.

வாங்கியபின் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து நாலு பக்கமும் படம் எடுத்து வைக்கட்டும். திரும்ப எடுத்ததும் அதோடு ஒப்பிட்டால் போதும்: ஆயில் மூடி, டிப்ஸ்டிக், ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள், சென்சர் வயர்கள். சில வண்டிகளில் ஆயில் மூடி சரியாக மூடாவிட்டாலே இதே பி0171 வரும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் சொல். பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணைந்துவிடும் என்று அமெரிக்க வீடியோக்கள் சொல்லும். அங்கே பெட்ரோல் ஆவிக் கசிவைக் காரே சோதிக்க வேண்டும் என்று விதி. இந்தப் பக்கம் விற்கும் பல வண்டிகளில் அந்தச் சோதனையே கிடையாது.

ஒன்றை மட்டும் அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம், சூட்டு முள்ளும் ஆயில் விளக்கும் சரியாக இருக்கும்வரை. மினுக்கினால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய், அங்கே எரிந்து அதைப் பாழாக்கிவிடும். அதன் விலையில் இன்னொரு பழைய காருக்கு முன்பணம் கட்டலாம்.

உங்கள் ஊரில் பத்து வருஷக் காரை யாரும் கிழடு என்று சொல்வதில்லை, அது உனக்கு அதிர்ஷ்டம். இங்கே பத்தைத் தாண்டினால் வருஷாவருஷம் சோதனை, சாலை வரிக்கு மேல் கூடுதல் வரி. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தால் அதற்குமேல் நீட்டிக்கவும் முடியாது, இந்த ஊர்ச் சாலையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். என் வண்டிக்கு அந்த நாள் வரும்போது எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

வரும் சனிக்கிழமை ஜொகூர் பாருவில் பெரியம்மா பேத்திக்குக் காதுகுத்து. அம்மாவைக் காரிலேயே கூட்டிப்போகிறேன். மலேசியாவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டும்போது டாங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற சட்டம் இன்னும் இருக்கிறது, நாம் அந்தக் காலத்தில் பாதி டாங்க்கோடு போய்த் திட்டு வாங்கித் திரும்பியது நினைவிருக்கிறதா? உனக்காக அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறார்கள், ஆஸ்திரேலியச் சுங்கத்தில் விடுவார்களா என்று கேட்டு எழுது. வண்டி ஏதாவது பிடித்துப்போனால், பணம் கட்டும் முன் அந்த ஸ்கேனர் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல். இரவு எத்தனை மணி ஆனாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்