செங்குத்தாக எழும் விமானங்களுக்கு ஓர் உந்துவிசைச் சோதனை மேடை: நன்கொடை வேண்டுகோள்

பெங்களூரு வாழ் தமிழ்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பீன்யாவில் உறுப்பினர் ஒருவர் வாடகை இல்லாமல் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் ஷெட்டில் பொதுச் சோதனை மேடை ஒன்றை எழுப்பிக்கொண்டிருக்கிறோம். ப்ரொப்பெல்லர், டக்டட் ஃபேன் (குழாய்க்குள் சுற்றும் விசிறி), சாயும் மோட்டார் என்று எதை மாட்டினாலும் அதன் உந்துவிசையையும் முறுக்குவிசையையும் அளந்து சொல்லும் மேடை இது. மொத்த மதிப்பீடு ரூ. 4,50,000. சேர்ந்திருப்பது ரூ. 1,62,000. மீதி ரூ. 2,88,000-க்காக உங்களிடம் வருகிறோம்.

நம் பிள்ளைகளில் பாலிடெக்னிக்கிலும் இன்ஜினியரிங்கிலும் படிக்கும் பலர் இறுதியாண்டு ப்ராஜெக்டாக செங்குத்தாக எழும் விமானத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டாருடன் வரும் அட்டவணையைப் பார்த்து, எடையைப் போல இரண்டு மடங்கு உந்துவிசை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கி, நேராக மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது. அளந்து பார்ப்பதற்கு இடம் இல்லாததுதான் காரணம். அந்த இடத்தைத்தான் கட்டுகிறோம்.

அட்டவணை பொய் சொல்வதில்லை. அது வேறு காற்றில் எடுத்த கணக்கு. கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 30 டிகிரி அடிக்கும் ஒரு மதியத்தில் அது 1.04 கிலோவுக்கு இறங்கிவிடும். ப்ரொப்பெல்லர் அதே வேகத்தில் சுற்றினாலும் உந்துவிசை 15 சதவீதம் குறையும். இரண்டு மடங்கு என்று நினைத்தது 1.7 மடங்கு ஆகிவிடும். பேட்டரி பாதி இறங்கி வோல்டேஜும் தளர்ந்தால், காற்று ஒரு தள்ளு தள்ளும்போது நிமிர்த்துவதற்குக் கையில் மிச்சம் குறைவாகவே இருக்கும். அதே 30 டிகிரியில் சென்னையோடு ஒப்பிட்டாலும், அதே எடையைத் தூக்கி நிறுத்த இங்கே ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும்.

எந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஒரு கிலோ உந்துவிசையை 15 அங்குல ப்ரொப்பெல்லரில் எடுத்தால், எந்த இழப்பும் இல்லாத கணக்கில், பெங்களூரு காற்றில் சுமார் 63 வாட் போதும். அதே ஒரு கிலோவை 70 மி.மீ. டக்டட் ஃபேனில் எடுத்தால் 242 வாட். குழாய்க்குள் இருக்கும் விசிறிக்கு உரிய சலுகையைக் கொடுத்த பிறகு வரும் எண்ணே இது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது மலிவு, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவது செலவு. ஒரு சதுர மீட்டர் வட்டப் பரப்பு எத்தனை கிலோவைத் தூக்குகிறது என்பதை டிஸ்க் லோடிங் என்கிறோம். மேலே சொன்ன ப்ரொப்பெல்லருக்கு அது 9 கிலோவைத் தொடாது. சின்ன ஃபேனுக்கு 260. ரோட்டர்களைச் சாய்த்துப் பறக்கும் அமெரிக்க ராணுவ விமானமான வி-22 ஆஸ்ப்ரே முழுச் சுமையோடு செங்குத்தாக எழும்போது, 11.6 மீட்டர் விட்டமுள்ள இரண்டு ரோட்டர்களோடும் சேர்த்து, சுமார் 113. ஃபேன் பார்க்க ஜெட் மாதிரி இருக்கிறது என்பதற்காக அதை வாங்கும் மாணவர் இந்த மூன்று எண்களையும் ஒரு தடவையாவது தன் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டக்ட் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே விட்டத்தில், வெளிவாய் குறுகாமல் செய்த டக்ட், திறந்த ப்ரொப்பெல்லரை விடக் கணக்குப்படி 29 சதவீதம் சக்தியை மிச்சப்படுத்தும். அந்த லாபம் கையில் வர இரண்டு விஷயம் சரியாக அமைய வேண்டும். உள்வாயின் உதடு தடிமனாக, உருண்டையாக இருக்க வேண்டும். கூர்மையாக விட்டால் காற்று அங்கேயே சுவரை விட்டுப் பிரிந்துவிடும். விசிறி இறக்கையின் நுனிக்கும் டக்ட் சுவருக்கும் உள்ள இடைவெளி, 120 மி.மீ. ஃபேனில் அரை மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சடித்த டக்ட் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். மோட்டார் சூட்டில் அது முட்டை வடிவத்துக்குப் போய், ஒரு பக்கம் நுனி உரசும், இன்னொரு பக்கம் இடைவெளி இரட்டிப்பாகும். மேடையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் இது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

பெரிய விமானங்களும் இதே சிக்கல்களோடு மல்லுக்கட்டியவைதான். இந்தியக் கடற்படையில் 1983 முதல் 2016 வரை இருந்த சீ ஹாரியர் போர் விமானத்தின் பெகாசஸ் எஞ்சினுக்கு நான்கு திரும்பும் நாசில்கள். முன்னிரண்டில் ஃபேனின் குளிர்ந்த காற்று, பின்னிரண்டில் சூடான எரிவாயு. தரைக்கு அருகில் நிற்கும்போது அந்தச் சூடான வாயு தரையில் பட்டு எழும்பி, எஞ்சின் வாய்க்குள்ளேயே திரும்பிப் போனால் உந்துவிசை சரியும். விராட் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து அது செங்குத்தாக எழாமல் வளைந்த சாய்தளத்தில் ஓடி எழுந்ததற்குக் காரணம், அப்படிப் போனால்தான் அதிக எரிபொருளும் ஆயுதமும் தூக்க முடியும் என்பது. ஆஸ்ப்ரேயில் ரோட்டர் தள்ளும் காற்று கீழே இருக்கும் இறக்கையின் மேலேயே விழுவதால் உந்துவிசையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீணாகிறது. ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் ஒரு ப்ளைவுட் பலகையைத் தனி லோட் செல்லில் (விசையை அளக்கும் சென்சார்) நிறுத்தினால் அந்த இழப்பை நம் ஷெட்டிலேயே கிராம் கணக்கில் பார்க்கலாம். இறக்கையின் பின்பகுதியைக் கீழ்நோக்கி மடக்கினால் எவ்வளவு மீள்கிறது என்பதையும் பார்க்கலாம். சாயும் மோட்டாரா, தூக்குவதற்குத் தனி, முன்செல்வதற்குத் தனி மோட்டாரா என்ற விவாதத்தில் பாதி இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

இனி மேடையின் அமைப்பு. பணம் எங்கே போகிறது, ஏன் போகிறது என்பது இதைப் படித்தால்தான் புரியும்.

50×50 மி.மீ. இரும்புச் சதுரக் குழாயில் வெல்டிங் செய்த சட்டம், 12 மி.மீ. அடித்தகடு, கான்கிரீட்டில் நான்கு எம்12 ஆங்கர் போல்ட். மோட்டார் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் படுக்கைவாட்டில் நிற்கும். தரையோ சுவரோ ஒரு விட்டத்துக்குள் இருந்தால் அளவு கெட்டுப்போகும். காற்று சட்டத்தின் பக்கம் அடிக்காமல் வெளியே போகும் திசையில்தான் ப்ரொப்பெல்லரை மாட்ட வேண்டும். சட்டத்தில் மோதும் காற்று உந்துவிசையைத் தின்றுவிடும். ஷெட்டின் பெரிய ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும். மூடி ஓட்டினால் உள்ளே இருக்கும் காற்றே சுழன்று திரும்ப வந்து, ஒரு நிமிடத்துக்குள் எண் இறங்கத் தொடங்கும்.

மோட்டாரைத் தாங்கி நகரும் வண்டிக்கு லீனியர் ரெயில் போடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நாங்கள் ஒப்பவில்லை. ரெயிலின் உராய்வு சிறிய உந்துவிசையை விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக 1 மி.மீ. ஸ்ப்ரிங் ஸ்டீல் பட்டைகள் நான்கில் வண்டி தொங்குகிறது. உராய்வு இல்லை, பக்கவாட்டில் ஆட்டமும் இல்லை. வண்டியின் பின்னால் 20 கிலோ எஸ் வடிவ லோட் செல். முறுக்குவிசைக்கு இரண்டு 5 கிலோ லோட் செல்கள். முறுக்குவிசை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அதைச் சுற்று வேகத்தோடு பெருக்கினால்தான் ப்ரொப்பெல்லருக்குள் போன சக்தி தெரியும். அது இல்லாமல் வாட்டுக்கு இத்தனை கிராம் என்று மட்டும் தெரிந்தால், குறை மோட்டாரிலா ப்ரொப்பெல்லரிலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

அதிகம் ஏமாற்றுவது மின்கம்பி. தடித்த கம்பி விறைப்பாக வண்டியைப் பிடித்து இழுக்கும். கரண்ட் ஏறிச் சூடானதும் இளகி விட்டுக்கொடுக்கும். ஆகவே சிலிக்கான் உறையுள்ள மென்கம்பி, உந்துவிசைத் திசைக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். கம்பியெல்லாம் மாட்டிய பிறகே, முத்திரையிட்ட 1, 2, 5, 10 கிலோ எடைக்கற்களைக் கப்பி வழியாகத் தொங்கவிட்டு அளவைச் சரிபார்க்க வேண்டும், ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை. லோட் செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்.எக்ஸ்.711 போர்டுகள் பெரும்பாலும் விநாடிக்கு 10 அளவு என்ற நிலையில் வரும். அதை 80-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். லோட் செல் கம்பியை மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டவே கூடாது. சுற்று வேகத்தை ஒளி சென்சாரால் எடுக்கும்போது ட்யூப் லைட்டை அணைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிப்பதால், இரண்டு இறக்கை ப்ரொப்பெல்லர் சும்மா நிற்கும்போதே மீட்டர் 3000 என்று காட்டும்.

பவர் சப்ளைதான் பட்டியலில் விலை கூடியது. 60 வோல்ட், 50 ஆம்பியர் வரை தரக்கூடியது வேண்டும். பேட்டரியில் ஓட்டினால் முதல் ப்ரொப்பெல்லருக்கு முழு வோல்டேஜ், நான்காவதற்குத் தளர்ந்த வோல்டேஜ் கிடைக்கும், ஒப்பீடு செல்லாது. சப்ளையில் ஓட்டும்போது, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.-யின் பிரேக்கை அணைத்துவிட வேண்டும். திடீரென வேகத்தைக் குறைத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், சப்ளை ட்ரிப் ஆகும்.

பாதுகாப்பில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டோம். 15 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடும்போது நுனி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உடைந்தால் துண்டு சுழல்தளத்தின் வழியேதான் பறக்கும். அந்தத் தளத்தைச் சுற்றி 6 மி.மீ. பாலிகார்பனேட் தகடும் வெல்ட்மெஷ்ஷும் போட்டாயிற்று. காளான் தலை எமர்ஜென்சி ஸ்விட்ச் இரண்டு, கதவு திறந்தால் கரண்ட் போகும் இன்டர்லாக், தனி எர்த்திங் முடிந்தன.

இந்த மேடையில் எதுவும் பறக்காது, எல்லாம் போல்ட் போட்டு நிற்கும். நகருக்குள் ஹெச்.ஏ.எல். விமான நிலையம் இருப்பதால், 2021 ட்ரோன் விதிகளின்படி பல இடங்களில் அனுமதி இல்லாமல் ஒன்றையும் பறக்கவிட முடியாது. பறக்கவிடப்போகிறவர்கள் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்த்துத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆனால் இங்கே அளந்துவிட்டுப் போகிறவருக்குத் தன் விமானம் எவ்வளவு வேகத்தில் இறங்கலாம் என்பது முன்கூட்டியே தெரியும். ஒரு கிலோ தூக்கும் 15 அங்குல ப்ரொப்பெல்லர் காற்றைக் கீழே அனுப்பும் வேகம் விநாடிக்கு 6.4 மீட்டர். அதில் பாதி வேகத்துக்கு மேல் நேர்க்கீழாக இறங்கினால் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே ரோட்டர் விழுந்து உந்துவிசையை இழக்கத் தொடங்கும். 2000 ஏப்ரலில் அமெரிக்காவின் மரானாவில் ஓர் ஆஸ்ப்ரே இப்படி விழுந்து 19 பேர் இறந்தார்கள்.

கணக்கு இதுதான். சட்டமும் அடித்தளமும் ரூ. 46,000, பாதுகாப்புக் கூண்டு ரூ. 64,000, மின்வேலை ரூ. 27,000, எடைக்கற்கள் ரூ. 9,000. இவை முடிந்தன. எதிர்பாராச் செலவுக்கு ரூ. 16,000 கையில் இருக்கிறது. இனி வாங்க வேண்டியவை, வாங்கப்போகும் வரிசையிலேயே:

லோட் செல்கள், ஆம்ப்ளிஃபையர், சுற்று சென்சார், டேட்டா லாகர்: ரூ. 38,000
பவர் சப்ளை: ரூ. 1,10,000
மோட்டார் மூன்று, இ.எஸ்.சி. நான்கு, 15, 18, 22 அங்குல கார்பன் ப்ரொப்பெல்லர்கள், டக்டட் ஃபேன் இரண்டு, 6எஸ் (ஆறு செல்) லிப்போ பேட்டரி இரண்டு: ரூ. 88,000
குறுக்குக் காற்றுக்கு 48 அங்குல தொழிற்சாலை விசிறி, காற்றை நேராக்கும் ஹனிகோம்ப் (தேன்கூட்டுச் சட்டம்), மோட்டாரை 15 டிகிரி படிகளில் 90 வரை சாய்க்கும் பிடிமானம்: ரூ. 52,000

முதல் இரண்டும் வந்துவிட்டால் மாணவர்கள் தங்கள் மோட்டாரைக் கொண்டுவந்து அளக்கத் தொடங்கலாம். குறுக்குக் காற்று விசிறி கடைசியில் வந்தாலும் பரவாயில்லை. ஆனால் செங்குத்து நிலையிலிருந்து முன்னோக்கிச் சாயும் கட்டத்தில்தான் பெரும்பாலான மாடல்கள் விழுகின்றன என்பதால் அதை விட்டுவிட மனமில்லை.

ரூ. 500 முதல் எவ்வளவு கொடுத்தாலும் ரசீது உண்டு. யு.பி.ஐ., காசோலை, வங்கி மாற்று எதுவானாலும் சரி, விவரத்தைப் பொருளாளரிடமிருந்து நேரில் பெற்றுக்கொள்ளுங்கள். வேறு யார் அனுப்பும் க்யூ.ஆர். கோடுக்கும் பணம் போட வேண்டாம். குழுவுக்கு 80ஜி பதிவு இல்லை, வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர்களிடமிருந்து பணம் வாங்கச் சட்டப்படி எங்களால் இயலாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம்.

பொருளாகவும் தரலாம். வேலை செய்யும் டி.சி. பவர் சப்ளை, லோட் செல், ஆசிலோஸ்கோப் இருந்தால் மகிழ்ச்சி. பயன்படுத்திய ப்ரொப்பெல்லர் மட்டும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத விரிசலை நம்பி ஓட்ட முடியாது. பீன்யாவில் லேத், மில்லிங் வைத்திருப்பவர்கள் சாய்க்கும் பிடிமானத்தைக் கடைந்து கொடுத்தால் விசிறிக் கணக்கிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துவிடுவோம்.

வரவு செலவு மாதம் ஒரு முறை ஷெட் வாசலில் ஒட்டப்படும். அளவெடுத்த எண்கள் எல்லாம், எடுத்த அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தத்தோடு, தமிழ்க் குறிப்புடன் எவரும் படியெடுத்துக்கொள்ளும்படி வைக்கப்படும். ஞாயிறு காலைகளில் வந்து நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மூடிய செருப்பு அணிந்து வாருங்கள்.

இப்படிக்கு,
சோதனை மேடைக் குழுவினர்,
பெங்களூரு