ஒப்பந்தச் செவிலியர் சம்பளத்தை நிதித் தகராறிலிருந்து விலக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
துணை சுகாதார நிலையத்தை நம்பியிருக்கும் ஊர்மக்கள் சார்பாக, ஒரு நோயாளியின் மகள்.

பெறுநர்:
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தேசிய சுகாதார இயக்க நிதி தாமதமானாலும் ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதச் சம்பளம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் தாயாருக்கு வயது 71. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாதாமாதம் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியர்தான் பிரஷர் பார்த்து, நோட்டில் குறித்து, மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார். சென்ற மாதம் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றும்போது, இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் வாங்கவில்லை. "பஸ்ஸுக்கு மட்டுமாவது வைத்துக்கொள் அம்மா" என்று என் தாயார் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது.

விசாரித்தபோது, அவர் சம்பளம் தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்திலிருந்து வருகிறது, டெல்லியிலிருந்து அதன் தவணை வரவில்லை என்றார்கள். செலவுக் கணக்கு முறையாகப் போகாததால்தான் தவணை நிற்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மை என்று அறிய எங்களுக்கு வழியில்லை.

இந்த இயக்கத்தின் செலவில் 100 ரூபாய்க்கு 60 ரூபாய் மத்திய அரசும் 40 ரூபாய் மாநிலமும் தர வேண்டும். 2015க்கு முன்பு மத்தியப் பங்கு 75 ரூபாயாக இருந்தது. பங்கு குறைந்ததோடு நிபந்தனைகளும் கூடின. 2023இல் இந்த இயக்கத்தின் கீழ் வரும் நலவாழ்வு மையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் மாற்ற மத்திய அரசு சொன்னது. பெயர்ப்பலகைத் தகராறில் பஞ்சாபுக்கும் மேற்கு வங்கத்துக்கும் இந்த நிதி நிறுத்தப்பட்டது. கணக்குக் கேட்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அது எங்கள் வரிப்பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பலகையில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்ற தகராறுக்கு ஒரு செவிலியரின் அரிசிப் பணத்தைப் பிணையாக வைப்பது அநியாயம். அவர் வேலையை விட்டுப் போனால் என் தாயாருக்கு பிரஷர் பார்க்க ஊரில் வேறு ஆள் இல்லை.

ஆகவே, மத்தியத் தவணை தாமதமாகும் மாதங்களில் மாநில நிதியிலிருந்து முன்பணம் விடுவித்து, ஒப்பந்தச் செவிலியர், ஆய்வக நுட்புநர் ஆகியோரின் சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் வழங்கிவிட்டு, தொகை வந்ததும் சரிக்கட்டிக்கொள்ள ஆணையிடுமாறு வேண்டுகிறோம். தவணை கருவூலத்துக்கு வந்த நாள், அங்கிருந்து இயக்கத்தின் கணக்குக்குப் போன நாள், சம்பளம் வழங்கிய நாள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள். பணம் எங்கே நின்றது என்பதை நாங்களே படித்துத் தெரிந்துகொள்வோம்.

மாத்திரை வாங்க வந்த 43 பேர் இத்துடன் கையெழுத்தும் கைநாட்டும் இட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்மக்கள்.