தட்டிக் கேட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, நாம் பழுதுபார்த்த பழைய ரயில் இன்ஜின் தன் சொந்த நீராவியில் நகர்ந்தது. ஷெட் வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, நாற்பது கஜம் இருந்தால் அதிகம். போன வேகத்துக்கு ஒரு பசுமாடு அதை முந்தியிருக்கும். ஆனால் யாரும் தள்ளவில்லை, டீசல் இன்ஜின் எதுவும் இழுக்கவில்லை. தானாகப் போய்த் தானாக நின்றது.

ஷெட்டின் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் ஏற்கெனவே உங்களுக்கு வந்திருக்கும். அதை எழுதியவனும் நான்தான். 'பங்களித்த அனைவருக்கும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். படித்துவிட்டு என் மனைவி, "பொன்மலைப் பெரியப்பாவைக் காணோம், இட்லி கொண்டுவந்தவங்களைக் காணோம். இது நன்றியா, ரசீதா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்த இரண்டாவது மடல்.

இங்கிலாந்தில் நம் லீட்ஸ் பொங்கல் விழாவில் இன்ஜினுக்காக உண்டியலில் போட்டவர்களில் பாதிப் பேர் இன்ஜினைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது பெரிய எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்த ராஜா வீட்டு இன்ஜின் அல்ல. இரண்டாம் உலகப் போருக்காக அவசரத்தில், சிக்கனமாகச் செய்த கூலி இன்ஜின். 'ஆஸ்டெரிட்டி' என்றுதான் அந்த வகைக்கே பெயர். ஆறு சக்கரம். பாய்லரின் முதுகில் குதிரைக்குச் சேணம் போட்டதுபோல் 1,200 காலன் தண்ணீர்த் தொட்டி. வடிவமைத்தது நம் லீட்ஸில் இருந்த ஹன்ஸ்லெட் கம்பெனி. 1943 முதல் 1947 வரை ராணுவத்துக்காக மட்டும் மொத்தம் 377 செய்யப்பட்டன, வேலை தாங்காமல் வேறு கம்பெனிகளும் சேர்ந்துதான் அத்தனையையும் செய்தன. போர் முடிந்ததும் பல இன்ஜின்கள் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயின. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் பெரிய பாதைகளில் நீராவிக்கு முழுக்குப் போட்ட பிறகும், இவை சுரங்க வாசலில் கரி வேகன்களைத் தள்ளிக்கொண்டிருந்தன. நம்முடையதும் அப்படி உழைத்து ஓய்ந்து, மழையில் நின்று துருப்பிடித்து நம்மிடம் வந்ததுதான்.

பிரித்த முதல் வருஷம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துரு, சுண்ணாம்புப் படிவு, மறுபடியும் துரு. குளிரில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு துரு சுரண்டிய ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். உங்கள் கண்ணாடி, ஜாக்கெட், சில சமயம் கல்யாண நாள், எல்லாம் அதில் போயிருக்கின்றன.

அப்புறம் ஸ்டே விவகாரம். பாய்லரின் அடுப்புப் பெட்டி இரட்டைச் சுவர் கொண்டது. உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் தண்ணீர். அழுத்தத்தில் உள்சுவர் நசுங்கிவிடாமல் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான ஸ்டே என்ற கம்பிகள். அதில் ஒன்று உடைந்தாலும் வெளியே தெரியாது. சுத்தியலால் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும், பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதேதான்.

எங்கள் ஷெட்டின் மூத்தவர் தட்டிப் பார்த்து நான்கில் சாக்பீஸ் குறி போட்டார். அன்று இரவு இதைத் திருச்சியில் இருக்கும் பெரியப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பாய்லர் பக்கம் முப்பது வருஷம் இருந்தவர். காது மந்தம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவரோ, "எனக்கும் போட்டுக் காட்டு" என்றார்.

வீடியோ காலில் முயன்றோம், ஒன்றும் கேட்கவில்லை. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று போன் நினைத்து, சுத்தியல் சத்தத்தைத் துடைத்து எறிந்துவிட்டது! சரி என்று, எங்களில் ஒல்லியான கல்லூரிப் பெண் அடுப்பு வாய் வழியாக உள்ளே நுழைந்து, வரிசை வரிசையாகத் தட்டி, ஒவ்வொரு வரிசையையும் தனி ஆடியோவாகப் பதிவு செய்தாள். பெரியப்பாவின் பேத்தி அதை ஹெட்போனில் அவருக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் நான்கையும் அவர் சரியாகப் பிடித்திருந்தார். ஐந்தாவதாக ஒன்றும் சொன்னார். "கணீர்னு கேட்டா உசிரோட இருக்கு. இது கணீர்னு ஆரம்பிச்சு நடுவுல முழுங்குது. கழட்டு."

ஷெட்டில் யாருக்கும் நம்பிக்கையில்லை, எனக்கே இல்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து வாட்ஸ்அப்பில் வந்த தீர்ப்பை வைத்து பாய்லரில் கை வைப்பதா? மூத்தவர்தான், "சொன்னவர் வேலை தெரிந்தவர். துளைத்துப் பார்ப்போம்" என்றார். கழற்றினோம். வெளிச்சுவரை ஒட்டி, முக்கால்வாசி கனத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அந்தத் துண்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அனுப்பலாம் என்றால், "இரும்புத் துண்டுக்கு யாருடா பார்சல் காசு கொடுப்பா?" என்கிறார். அவருக்கும், பொறுமையாகப் போட்டுக் காட்டிய பேத்திக்கும், உள்ளே முடங்கிக் கிடந்து தட்டிய பெண்ணுக்கும், நம்பித் துளைத்தவருக்கும் என்ன சொன்னாலும் போதாது.

பாய்லருக்குள் அடுப்பின் சூட்டுப் புகை போகும் குழாய்கள்தான் டியூப். அதை அனுப்பிய கம்பெனிக்கு மட்டும் இந்த மடலில் நன்றி கிடையாது. முக்கால் அங்குலம் கட்டையாக வெட்டி அனுப்பிவிட்டு, உங்கள் வரைபடம்தான் தப்பு என்றார்கள். டியூப் நுனி அதைத் தாங்கும் தகட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் அதை விரித்து, விளிம்பை மடித்து அடைக்க முடியும். பதினோரு வாரம் வீணானது. அந்தப் பதினோரு வாரமும் சலிக்காமல் கடிதம் எழுதி மாற்று வாங்கிக் கொடுத்தவர் எங்கள் பொருளாளர் அம்மா. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவரைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ரசீது இல்லாமல் வாங்கிய பதினெட்டு பவுண்டு கேஸ்கட்டுக்காக என்னை மூன்று கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்டவரும் அவரேதான். அப்போது கோபம் வந்தது. ஆனால் உண்டியல் காசு கடைசி பென்னி வரை எங்கே போனது என்று இன்று யார் கேட்டாலும் காட்ட முடிகிறது என்றால், அது அவரால்தான்.

இட்லிக் குடும்பங்களுக்கு: நீங்கள் முதல்முறை சாம்பாரோடு வந்தபோது ஷெட்டுக்காரர்கள் அதை சூப் என்று நினைத்துக் கப்பில் ஊற்றிக் குடித்தார்கள். நானும் திருத்தவில்லை. இப்போதும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு, "சூப் வருமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் தண்ணீர்ச் சோதனை முதல் தடவை தேறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு, சோதனையில் ஒன்றரை மடங்கு, அதாவது 255 வரை ஏற்ற வேண்டும். 200 தாண்டும்போது இரண்டு டியூப் கண்ணீர் விட்டன. இரண்டும் நான் விரித்தவை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீதான் வந்தது. அடுத்த வாரம் மறுபடி விரித்தோம், ஊசிமுள் 255-இல் அசையாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விறகு வைத்துச் சின்னதாக மூட்டினோம். ஆறிப்போன பாய்லரை அவசரமாகச் சூடாக்கினால் இரும்பு ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் விரியாமல் இழுத்துக்கொள்ளும் என்பதால், இரவெல்லாம் இரண்டு பேர் காவல் இருந்து, விடியும்போதுதான் கரி போட்டார்கள். ஒரு காலத்தில் யார்க்ஷயர் சுரங்க வாசலில் நின்ற இன்ஜினுக்கு இப்போது கப்பலில் வந்த கரி. இங்கே கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரிலேயே மூடிவிட்டது.

விசில் அடித்ததைப் பதிவு செய்து பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "சேஃப்டி வால்வு எத்தனையில தூக்குச்சு?" 170 என்றேன். "சரி. பாய்லரைக் கழுவிட்டீங்களா?"

இல்லை. வரும் சனிக்கிழமை கழுவுகிறோம், காலை ஒன்பது மணிக்கு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். சூப்பும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஷெட் செயலாளர்