உள்ளங்காலும் உறக்கமும்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவுக்கு ஆள் பேசியிருக்கிறேன். நிற்க.

நள்ளிரவில் விழித்துக்கொண்டால் அலுவலக வேலை நினைவுக்கு வந்து நெஞ்சு படபடப்பதாகவும், அதற்கு, பாதத்தில் குறிப்பிட்ட இடங்களை அழுத்தும் ரிஃப்ளெக்ஸாலஜி செய்துகொள்ளலாமா என்றும் அம்மாவிடம் கேட்டாயாமே. அவள் உனக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் அதைச் செய்யும் ஒருவர் என் உள்ளங்காலின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்த, நான் வலியில் துள்ள, சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் பத்து வாரம் வரச் சொன்னார். அந்த பயத்திலேயே ஒரு வாரம் தூக்கம் கெட்டது. இரத்தப் பரிசோதனையில் குறையொன்றும் இல்லை. வரப்பில் ஏறிய கருவேல முள்ளின் நுனி உள்ளேயே தங்கியிருந்ததுதான் வலிக்குக் காரணம்!

அதன் பிறகுதான் இந்த முறையைப் பற்றிப் படித்தேன். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உடலைப் பத்து நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து 1917-இல் நூல் வெளியிட்டார். 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற பெண்மணி அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் குறித்தார். அந்த இடங்களை அழுத்தி நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ முடியும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் பாதத்தைப் பதமாகப் பிடித்துவிட்டால் உடல் தளர்ந்து மனம் அடங்கும் என்பதை நான் மறுக்கமாட்டேன். அதை நம் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கிறேன்.

நடவுக் காலத்தில் உன் தாத்தா வயலிலிருந்து வந்ததும், அப்பாயி அவர் கால்களைக் கழுவி, சேற்றுப்புண் வந்துவிடாதபடி விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவிப் பிடித்துவிடுவார். வலது கால் முடிந்து இடது காலை எடுப்பதற்குள் தாத்தா குறட்டை விடுவார். எந்த வரைபடமும் அப்பாயிக்குத் தெரியாது.

நீயும் படுக்கும் முன் அப்படியே செய். விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டுச் சதை முடிகிற இடத்தில், பாதத்தின் நடுவாக, ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். சோலார் பிளெக்சஸ் (மேல்வயிற்றில் இருக்கும் நரம்புப் பின்னல்) புள்ளி என்று ரிஃப்ளெக்ஸாலஜிக்காரர்கள் சொல்வது அதைத்தான். மூச்சை மெல்ல விட்டபடி கட்டைவிரலால் அழுத்து, இழுக்கும்போது தளர்த்து. பிறகு குதிகாலிலிருந்து விரல்வரை, கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் கட்டைவிரலை மடக்கி நீட்டிக்கொண்டே போ. காலுக்கு ஐந்து நிமிடம் போதும். வலி பொறுத்துக்கொண்டு அழுத்தினால்தான் பலன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. உன் தோழியின் தாயாருக்குச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போவதாகச் சொன்னாயே, அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதே; அழுத்தம் மிஞ்சினாலும் அவருக்குத் தெரியாது.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் படபடப்பு நீடித்தாலோ, பகலிலும் வந்தாலோ, மருத்துவரிடம் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சில் வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வியாழனன்று உழவன் எக்ஸ்பிரஸில் சித்தப்பா சென்னை வருகிறார். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அரை லிட்டர் கொடுத்தனுப்புகிறேன். பாதத்தில் எண்ணெயோடு தரையில் நடக்காதே, வழுக்கும்.

அன்புடன்,
அப்பா